வானதூதர் பேசாத வரி

இந்த டிசம்பர்க் குளிரில் மூன்று வாரம் எங்கள் வீட்டுக்கு விடிந்ததும் வல்லாரைத் துவையல் வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில், மேலே வாழையிலைத் துண்டு மூடி, எதிர்ப் போர்ஷன் மாமி எங்கள் வாசற்படியில் கொண்டுவந்து வைப்பார். "கொழந்தைக்குச் சூடு சாதத்துல பெசஞ்சு குடுடிம்மா. ஒரு மண்டலம் சாப்ட்டா மறதியெல்லாம் பறந்து போயிடும்" என்பார். என் மகள் சுமையாவுக்கு ஆறு வயது. அவளுக்கு மறதி இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் நான் தினமும் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கசப்பில் முகம் கோணும் பிள்ளைக்கு உருண்டை பிடித்து ஊட்டினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் மாமி அதைத் தன் வாசலில் இன்னொரு முறை கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். எங்கள் வீட்டில் சமைத்த எதையும் அவர் தொடமாட்டார். பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மயிலாப்பூருக்கு வந்த புதிதில் இது என்னைக் குத்தியது. இப்போது பெருநாளைக்கு அவருக்கென்று தனியாக மலை வாழைப்பழம் வாங்கி வைக்கப் பழகிவிட்டேன். பிள்ளையின் மூளைக்காக விடியலில் எழுந்து கீரை அரைக்கும் ஒருவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரான மன்னாரில் இது வேறு மாதிரி இருந்தது. எங்கள் வளவுக்கு அடுத்த வளவு பிலோமினாவின் வீடு. நானும் அவளும் ஒரே வகுப்பு. ஒவ்வொரு வருடமும் பாலன் பிறப்புக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முதல் நாள் அவளுடைய அப்பா இரண்டு சேவல்களின் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். என் வாப்பா பிஸ்மி சொல்லி அறுத்துக் கொடுப்பார். அப்படி அறுத்தால்தான் மறுநாள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் நாங்கள் கைவைக்கலாம். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அவர்களுடைய பண்டிகைச் சமையல் முழுவதுமே ஹலாலாக நடக்கும். அதை யாரும் பெரிய விஷயமாகப் பேசியதில்லை. இங்கே வந்து, வெயிலில் கவிழ்ந்திருக்கும் ஒரு கிண்ணத்தைப் பார்த்தபிறகுதான் அந்தச் சேவல்களை நான் நினைத்துப் பார்த்தேன்.

இனி வல்லாரைக்கான காரணத்தைச் சொல்கிறேன். சுமையா சாந்தோம் பக்கத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளை, அகதியா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாத குடும்பம், பிறப்புச் சான்றிதழில் தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது. அந்த இடம் கிடைக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்கே வருடக் கடைசியில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். சுமையாவுக்குக் குரல் நன்றாக இருக்கிறது, பயமில்லாமல் நிற்கிறாள் என்று அவளை வானதூதராகப் போட்டுவிட்டார்கள். மரியாளிடம் போய்ச் செய்தி சொல்லும் தூதர். பிள்ளை ஓடிவந்து, "உம்மா, நான் ஜிப்ரீல்!" என்றாள். எனக்குப் பாதி சந்தோஷமாக இருந்தது. மலக்கு என்னும் வானவரின் வேடத்தை ஒரு பிள்ளை போடலாமா என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மார்க்கம் அறிந்தவர்கள் இதை வாசித்து முகம் சுளிக்கலாம். ஆனால் எங்கள் வேதத்திலும் அந்தத் தூதர் மர்யமிடம் வருகிறார். அவரும் தூய்மையான ஒரு மகன் பிறப்பான் என்று சொல்கிறார். எந்த ஆணும் என்னைத் தொடாதபோது எப்படி என்று மர்யமும் கேட்கிறார். அதுவரை எனக்கு உறுத்தவில்லை. பிறகு வசனம் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில், பிறக்கப்போகும் குழந்தை கடவுளின் மகன் என்று இருந்தது.

நான் தயங்கி நின்ற இடம் அது. படுக்கப்போகும் முன் சுமையா தினமும் ஓதும் குர்ஆனின் சிறிய சூரா ஒன்று உண்டு. இறைவன் ஒருவன், அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவும் இல்லை, அவனுக்கு நிகர் எவரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். நடக்கத் தொடங்குவதற்கு முன்பே அவள் காதில் போட்ட சொற்கள். இரவில் ஒன்றையும் பகலில் அதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே வாயால் எப்படிச் சொல்லவைப்பது? கணவரிடம் சொன்னேன். அவர் தி. நகரில் உறவினரின் பெட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். பண்டிகை நெரிசலில் அரை உயிராக வீட்டுக்கு வந்திருந்தார். "சின்னப்பிள்ளைகள் விளையாடுறது. அதுக்குப் போய் ஏன் இவ்வளவு யோசிக்கிற?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பள்ளிக்கூடத்தில போய்ப் பிரச்சினை கிச்சினை எடுத்திடாத. இடம் கிடைச்சதே பெரிய காரியம்" என்றார். அந்த இரண்டாவது பேச்சுதான் என் மனதில் உட்கார்ந்துகொண்டது.

நான் செய்தது இதுதான். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மற்றதெல்லாம் சொல்லு. அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு நில்லு. ஏன் எண்டு யாரும் கேட்டாலும் ஒண்டும் சொல்லாத. சும்மா சிரி" என்றேன். இது எங்கே கற்ற பாடம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை சோதனைச் சாவடிகளை இப்படிக் கடந்திருக்கிறோம்! கேட்டால் தெரியாது, தெரிந்தால் சிரிப்பு, அதற்கும் மேலே மௌனம். ஆறு வயதுப் பிள்ளையின் நாடக ஒத்திகையை நான் ஒரு சோதனைச் சாவடியாக்கிவிட்டேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகவே தோன்றியது.

சுமையா சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். பிள்ளைக்கு வரி மறந்துபோகிறது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வகுப்பே சேர்ந்து அவளுக்கு எடுத்துக் கொடுத்தது. பள்ளிக்கு அழைத்துப்போகும் ரிக்‌ஷாக்காரர் வாசலில் மணியடித்து, "இன்னாம்மா, பாப்பாக்கு டயலாக் வர்லியாமே? கச்சேரி ரோடு பூரா சொல்லிக்கினே வர்றேன், வாயத் தொறக்க மாட்டேங்குது. பாதாம் ஊறவச்சுக் குடு" என்றார். மாமிக்கு எப்படித் தெரிந்ததோ, மாலையில் பிள்ளையை முற்றத்தில் நிறுத்திப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். "சொல்லுடி கண்ணு. கட-வு-ளின் ம-கன். அவ்ளோதான்!" சுமையா என்னைப் பார்ப்பாள். நான் துணி காயப்போடுவதுபோல் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் தாங்காமல் மாமியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "மாமி, அந்த வரி கொஞ்சம் கஷ்டம்…"

"இதுல என்ன கஷ்டம்? சாமிக்குப் பிள்ளை இருக்காதா? எங்க கபாலிக்கே ரெண்டு. ஒண்ணு கொழுக்கட்டை சாப்ட்டுண்டு ஆத்தோட இருக்கும். இன்னொண்ணு கோச்சிண்டு மலை ஏறிடும்."

"எங்கட மார்க்கத்தில இறைவனுக்குப் பிள்ளை இல்ல, மாமி."

மாமி அரைக்கும் கையை நிறுத்தினார். "ஒண்ணுகூடவா இல்லை?" என்றார். பல வருடம் பிள்ளையில்லாத ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது வருமே, அந்த இரக்கம் அவர் குரலில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தப்பாகிவிடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மாமிக்கு இரண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, எனக்கு இல்லை. ஒரே காம்பவுண்டுக்குள் இத்தனை விதமாக வானத்தைப் பார்க்கிறோம். அவனுக்கு வாரிசு வேண்டியதில்லை, துணை வேண்டியதில்லை, ஒன்றை "ஆகு" என்றால் அது ஆகிவிடும், அப்படிப்பட்டவனுக்குப் பிள்ளை இல்லாதது குறையல்ல என்று எப்படியாவது விளக்க நினைத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்து மாமி உள்ளே போய்விட்டார். மறுநாளும் துவையல் வந்தது.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுமையா பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "உம்மா, நான் மக்கு இல்லதானே?" என்றாள். "எல்லாரும் மக்கு எண்டு சொல்றாங்க. எனக்கு அந்த வரி தெரியும். அவங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும்." அவளுடைய நாட்குறிப்பில் வகுப்பாசிரியை எழுதியிருந்தார்: குழந்தையின் ஞாபகசக்தி பற்றிப் பேச வேண்டும், நேரில் வரவும். என் பயத்தை மறைக்க என் பிள்ளையை நான் மக்காக்கிவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

இந்த வரியோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பதினொரு வயதில், ஒரு பாலன் பிறப்புக்கு முந்திய நாள், பிலோமினா வீட்டில் குடில் கட்டியிருந்தார்கள். வைக்கோல் மேல் மண்ணால் செய்த குழந்தை. அன்றைக்கு மதரசாவில் புதிதாகப் படித்த வேகத்தில், "இது அல்லாஹ்ட மகன் இல்ல. அவனுக்கு மகனே இல்ல. நீங்க சொல்றது பொய்" என்றேன். பிலோமினா சண்டை போடவில்லை. குனிந்து அந்த மண் குழந்தையின் இரண்டு காதையும் தன் கைகளால் பொத்திக்கொண்டாள். மூன்று வாரம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அவளுடைய அப்பா வழக்கம்போல் சேவல்களோடு எங்கள் வளவுக்கு வந்தார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு எப்படியோ நாங்கள் பேசத் தொடங்கிவிட்டோம். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவேயில்லை. தொண்ணூறாம் ஆண்டுக் கடைசியில் இயக்கத்தின் உத்தரவால் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தபோது சுமையா மூன்று மாதக் குழந்தை. படகுக்காகக் காத்திருந்த கரைக்குப் பிலோமினா ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்தாள். நான் மூட்டைகளை ஏற்றும்வரை பிள்ளையை அவள்தான் வைத்திருந்தாள். கடற்காற்று பலமாக அடித்தது. திரும்பிப் பார்த்தேன். மடியில் கிடந்த என் பிள்ளையின் இரண்டு காதையும் அவள் கைகளால் பொத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். வழியில் மூன்று விதமான பொய் தயாரித்து வைத்திருந்தேன். வகுப்பாசிரியை ரோஸ்லின் மிஸ் சாந்தோம்காரர். நாற்பது தாண்டியவர், நான்கு பிள்ளைகளின் தாய். "உக்காருங்கம்மா" என்றார். "வாய்ப்பாடு, ரைம்ஸ் எல்லாம் தண்ணி மாதிரி சொல்றா. அந்த ஒரு எடத்துல மட்டும் ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாதிரி நின்னுடறா. எதையாவது பாத்துப் பயந்துட்டாளா? வீட்ல ஏதாவது பிரச்சினையா? எங்கிட்ட சொல்லுங்க."

அவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதும் மூன்று பொய்யும் எங்கோ போய்விட்டன. "அவவுக்கு மறதி இல்ல, மிஸ். அந்த இடத்தில வாய் திறக்க வேண்டாமெண்டு நான்தான் சொன்னன்."

"ஏம்மா?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கோபம் இல்லை, காயம். "அப்போ எங்க ஏசு உங்களுக்கு யாருமே இல்லையா?"

"ஐயோ, இல்ல மிஸ். ஈசா நபிய நம்பாட்டி நாங்க முஸ்லிமே இல்ல. தகப்பன் இல்லாமப் பிறந்தவர் எண்டும் நம்புறம். மர்யம் அம்மாட பேரில ஒரு சூராவே இருக்கு."

"உங்களுக்கும் மாதா இருக்காங்களா?"

"ஓம். ஆனா மகன் எண்டு மட்டும் சொல்லமாட்டம். ஆதம் நபிக்குத் தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. அவரை யாரும் மகன் எண்டு சொல்றதில்லதானே. இறைவன் பெறுறவன் இல்ல, படைக்கிறவன்."

ரோஸ்லின் மிஸ் மேசைமேல் இருந்த சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். "பெத்தாருன்னு நாங்களும் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா" என்றார். "சாமிக்குக் குடும்பம் இருக்குன்னு இல்ல. அவரு வேற, இவரு வேற இல்லன்றதுக்கு அது ஒரு பேரு. அன்போட பேரு."

இதை யாரும் எனக்கு இதற்கு முன் சொன்னதில்லை. பதினொரு வயதில், அவர்கள் இறைவனுக்கு ஒரு மனைவியும் வீடும் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மறுத்ததும் பிலோமினா நம்பியதும் ஒரே விஷயமாக இருந்திருக்காது. ஆனால் அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருந்தது. அவரு வேற, இவரு வேற இல்ல என்று மிஸ் சொன்னாரே, அந்த இடம்தான் எனக்குக் கடக்க முடியாதது. படைத்தவன் வேறுதான், ஈசா நபி எவ்வளவு உயர்ந்தாலும் அவனுக்கு அடியார்தான். இதைச் சொல்லிக் காட்ட வேண்டுமா என்று தயங்கினேன். பிறகு, சாவடிப் பழக்கம் போதும் என்று நினைத்து அதையும் சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்தார். "சரி. நீங்க அங்க நிக்கிறீங்க. நான் இங்கதான் நிப்பேன்" என்றார்.

மணியடித்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். அவர்தான், "உங்க வேதத்துல மாதாவைப் பத்தி என்ன இருக்கு?" என்று கேட்டார். பேரீச்ச மரத்தடியில் தனியாக, பிரசவ வலி தாங்காமல், இதற்கு முன்பே செத்திருக்கலாமே என்று மர்யம் சொன்னதைச் சொன்னேன். காலடியில் ஊற்று கிளம்பியது, மரத்தை உலுக்கியதும் பழம் உதிர்ந்தது, ஊரார் பழித்தபோது தொட்டில் குழந்தையே தாய்க்காகப் பேசியது எல்லாம் சொன்னேன்.

"அவங்களுக்கு வலிச்சுதுன்னு இருக்கா?" மிஸ்ஸின் குரல் தாழ்ந்திருந்தது. "நாலு பெத்தவ நானு. இருபது வருஷமா இந்த நாடகத்தை நடத்துறேன். எங்க சாமியாருங்க ஒருத்தரும் அவங்க வலியப் பத்திச் சொன்னதே இல்ல."

பிறகு வகுப்பாசிரியையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வரியை எடுக்க முடியாதும்மா. அது இல்லன்னா எங்களுக்குக் கிறிஸ்மஸ்ஸே இல்ல."

"விளங்குது மிஸ். வேற பிள்ளைக்குக் குடுங்க. ஆனா அவ மக்கு இல்ல எண்டு மட்டும் வகுப்பில ஒருக்காச் சொல்லிடுங்க."

"எதுக்கு வேற பிள்ளை? வந்த தூதர் ஒருத்தர்தான். ரெண்டு பேரா வந்தா மாதா என்ன கோச்சுக்கவா போறாங்க? சுமையா அவ வரி வரைக்கும் சொல்லட்டும். மிச்சத்தை ஜெனிபர் சொல்லுவா." எழுந்து அலமாரியைத் திறந்து, ஜரிகைத் தாள் ஒட்டிய அட்டைச் சிறகுகளை எடுத்தார். ஒரு ஜோடிதான் இருந்தது. நடுவில் கத்தரிக்கோல் வைத்து வெட்டினார். "மறந்து நிக்க வேணாம்மா. முடிச்சு நிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு, "இதையெல்லாம் எழுதிக்கிழுதி ஊருக்கு அனுப்பிடாத. ஆக்கள் கதைப்பாங்க" என்றார். எழுதிவிட்டேன். இதுவும் சரியா என்று தெரியவில்லை.

மாமியிடம் மட்டும் இந்த ஏற்பாட்டைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நாடகத்தன்று அவர் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, எங்களுக்கு முன்னால் கிளம்பி இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். மேடையில் இரண்டு வானதூதர்கள் ஆளுக்கொரு சிறகோடு தோளைச் சேர்த்து நின்றார்கள். சேர்த்துப் பார்த்தால் ஒருவர். சுமையா மணி மாதிரி பேசினாள். பயப்படாதே என்றாள், உனக்கு ஒரு மகன் பிறப்பான் என்றாள், இறைவனுக்கு முடியாதது ஒன்றுமில்லை என்றாள். நிறுத்தினாள். அந்த ஒரு விநாடி அமைதியில் இரண்டாம் வரிசையிலிருந்து, "கடவுளின் மகன்! கடவுளின் மகன்!" என்று மாமி எடுத்துக் கொடுத்தது ஹால் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லின் மிஸ் திரைக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனிபர் தன் வரியைக் கணீரென்று சொன்னாள். என் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து, எங்கோ மேடையில் இருக்கும் என் பிள்ளையின் காதைப் பொத்தப் போவதுபோல் அந்தரத்தில் நின்றன. அவற்றை மடியில் இறக்கி வைத்துக்கொண்டேன். சுமையா அசையவில்லை. வாயை இறுக்கவும் இல்லை. தன் வேலை முடிந்த ஒருத்தி, அடுத்தவள் பேசுவதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, மத்ததெல்லாம் எவ்ளோ அழகாச் சொல்லித்து! வல்லாரைடி, வல்லாரை!" ரோஸ்லின் மிஸ் ஒரு காகிதப் பொட்டலத்தில் எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிலோமினா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. மடு மாதா கோயிலிலா, மண்டபம் அகதி முகாமிலா, சொந்த வீட்டிலேயே இருக்கிறாளா? இந்தப் பத்திரிகை மன்னாருக்கு இப்போது போகிறதா என்றும் தெரியாது. போனால், யாராவது அவளுக்குச் சொல்லுங்கள். அவள் நம்புவதை நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் அன்று குடிலின் முன்னால் நான் சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவள் காதைப் பொத்திய பிள்ளை வளர்ந்துவிட்டாள், நன்றாகப் பேசுகிறாள்.

சிறகைக் கழற்ற மாட்டேன் என்று சுமையா அடம்பிடித்ததால் அப்படியே நடந்து வந்தோம். பின்னாலிருந்து கடற்காற்று அடித்தது. மசூதியிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. கொஞ்ச தூரம் வந்ததும் கோயில் பக்கத்திலிருந்து நாதஸ்வரம். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பிடித்ததால் பிள்ளை சாய்ந்து சாய்ந்து நடந்தாள். சிறகில்லாத பக்கத்தில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் அவளால் நேராக நடக்க முடிந்தது.